ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: வயது 22. கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணினி வேலை. ஞாயிறு காலையும், எப்போதாவது சனி மாலையும் வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிறேன். பவர் வலது கண்ணில் மைனஸ் 2.50, இடது கண்ணில் மைனஸ் 3.25, அதோடு சிலிண்டர் மைனஸ் 0.50. கண்ணாடியோடு ஆட முடியவில்லை. எங்கள் தெருக் கண்ணாடிக் கடையில் ஓராண்டு கான்டாக்ட் லென்ஸ் ஜோடி 900 ரூபாய் என்கிறார்கள். நண்பன் அதைத்தான் போடுகிறான். இணையத்தில் மாத லென்ஸ் ஆறு கொண்ட பெட்டி 1,080 ரூபாய், ஒருநாள் லென்ஸ் முப்பது கொண்ட பெட்டி 1,200 ரூபாய். மாதம் 500 ரூபாய்க்குமேல் முடியாது. உறுத்தாத, கட்டுப்படியாகும் லென்ஸ் எது?

பதில்: பவர், விலை, பட்ஜெட் மூன்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விடையைத் தீர்மானிக்கும் விவரத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: உங்களுக்கு லென்ஸ் தேவைப்படுவது மாதத்தில் ஐந்தாறு நாள்தான். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. பெட்டியின் விலையைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்யக் கூடாது. ஒருமுறை அணிய எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் தந்த விலையை வைத்தே கணக்குப் போடுவோம். ஒருநாள் லென்ஸ் ஒன்று 40 ரூபாய். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒருமுறை அணிய 80 ரூபாய். மாத லென்ஸ் ஒன்று 180, ஜோடி 360. அதைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷனுக்கு மாதம் ஒரு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 560 ஆகிறது. 560-ஐ 80-ஆல் வகுத்தால் ஏழு. மாதத்தில் ஏழு நாளுக்குக் குறைவாக அணிகிறவருக்கு ஒருநாள் லென்ஸ் மலிவு. அதற்குமேல் அணிகிறவருக்கு மாத லென்ஸ் மலிவு. நீங்கள் ஆறு நாள் அணிந்தால் 480 ரூபாய். பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

"மாத லென்ஸை ஞாயிறு மட்டும் போட்டால் ஏழெட்டு மாதம் வருமே" என்று தோன்றும். வராது. மாத லென்ஸின் ஆயுள், அலுமினியத் தாளைக் கிழித்த நாளிலிருந்து தொடங்குகிறது. எத்தனை நாள் அணிந்தீர்கள் என்பது கணக்கில் சேராது. ஒரே ஒருநாள் போட்டுவிட்டு டப்பாவில் வைத்திருந்தாலும், ஒரு மாதம் முடிந்ததும் அது குப்பைக்குத்தான். முப்பது முறை அணியலாம் என்று எண்ணிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுகிறவர்களை என் நாற்காலிக்கு எதிரில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஓராண்டு லென்ஸ், காகிதத்தில் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றையும் விட மலிவு: மாதத்துக்கு 75 ரூபாய், சொல்யூஷனோடு 275. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணீரில் உள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகின்றன. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுமையாகப் போவதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல லென்ஸ் சொரசொரப்பாகிறது. மேல் இமையின் உள்பக்கத்தில் சிறு கொப்புளங்கள் போலத் தடித்து, அரிப்பும் பீளையும் தொடங்குகின்றன. தினமும் ஒழுங்காகப் பராமரிக்கிறவருக்கே இந்தத் தொல்லை வரும்போது, வாரத்தில் ஆறு நாள் டப்பாவிலேயே கிடக்கும் லென்ஸின் நிலையை யோசித்துப் பாருங்கள். பழைய சொல்யூஷனில் நாள்கணக்கில் ஊறிய லென்ஸை ஞாயிறு காலை அவசரமாக எடுத்துப் போடுவதுதான் நடக்கும். உங்கள் நண்பருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் நல்லது. அவர் எத்தனை மாதமாகப் போடுகிறார், எத்தனை முறை டப்பாவை மாற்றினார் என்று மட்டும் கேளுங்கள்.

ஒருநாள் லென்ஸில் டப்பாவும் கிடையாது, சொல்யூஷனும் கிடையாது. உடைத்து, போட்டு, ஆடி முடித்து, கழற்றி, எறிய வேண்டியதுதான். நம் பகுதிக்கு இது இன்னும் முக்கியம் என்பேன். தெருக் குழாய், லாரித் தண்ணீர், கீழ்நிலைத் தொட்டி என்று எங்கிருந்து வந்தாலும் சரி, வடிகட்டிக் குடிக்கும் தண்ணீராகவே இருந்தாலும் சரி, லென்ஸில் தண்ணீர் படவே கூடாது. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் புகுந்தால், மருத்துவம் மாதக்கணக்கில் நீளும். பார்வையே போய்விடவும் கூடும். மாத லென்ஸ் அணிகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சொல்யூஷன் தீர்ந்த இரவில் டப்பாவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புவது. அடுத்தது, நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றுவது. ஒருநாள் லென்ஸ் போடுகிறவருக்கு இந்த இரண்டு தவறுகளுக்கும் வாய்ப்பே இல்லை.

இந்த யோசனையில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெட்டியில் உள்ள எல்லா லென்ஸும் ஒரே பவர். உங்கள் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு என்பதால் இரண்டு பெட்டி வாங்க வேண்டும். முதல் தடவை 2,400 ரூபாய் கையில் வேண்டும். முப்பது முறை அணியலாம் என்பதால் உங்கள் கணக்கில் ஐந்து மாதம் ஓடும். மொத்தமாகப் போட முடியாவிட்டால், ஐந்து அல்லது பத்து லென்ஸ் கொண்ட சிறு பெட்டிகளும் வருகின்றன. லென்ஸ் ஒன்றின் விலை சற்றுக் கூடும், ஆனால் முதல் முறை வாங்குகிறவர் சிறு பெட்டியில் தொடங்குவதே நல்லது. பிடிக்காமல் போனால் நட்டம் குறைவு. இன்னொன்று: "இரண்டு கண்ணுக்கும் நடுவாக ஒரு பவர் போட்டு ஒரே பெட்டியில் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்கு எடுத்துக்கொள்ளலாமா? 4.00-க்குக் கீழே பெரிய வித்தியாசம் வராது. அதற்கு மேற்பட்ட மைனஸ் பவரில் லென்ஸின் பவர் குறையும். கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது என்பதுதான் காரணம். கண்ணாடியில் மைனஸ் 5.00 என்றால் லென்ஸில் 4.75 ஆகும். உங்கள் இடது கண்ணின் சிலிண்டர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர், 0.50 மிகக் குறைவு. சிலிண்டர் 0.75 அல்லது அதற்குமேல் இருந்தால்தான் டோரிக் என்ற விலை கூடிய லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்களுக்குச் சாதாரண லென்ஸே போதும். சிலிண்டரில் பாதியைப் பவரோடு சேர்த்து இடது கண்ணுக்கு மைனஸ் 3.50 வைத்துப் பார்ப்பார்கள். அது சரியா, 3.25 போதுமா என்பதை உங்கள் கண்ணில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறுத்தல் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் பவரோடு இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். பி.சி. என்பது லென்ஸின் உள்வளைவு, பெரும்பாலும் 8.4-இலிருந்து 8.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். டயா என்பது விட்டம், 14 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வளைவு உங்கள் கருவிழிக்கு இறுக்கமாக அமைந்தால் முதலில் சொகுசாக இருந்து, சில மணி நேரத்தில் கண் சிவக்கும். தளர்வாக அமைந்தால் இமைக்கும்போதெல்லாம் நழுவும், பார்வை மங்கித் தெளியும். எந்த நிறுவனத்தின் லென்ஸ் உங்களுக்குப் பொருந்தும் என்பதை விளம்பரம் சொல்லாது. கண்ணைச் சோதித்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் பிளவு விளக்கு நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதல் ஜோடியை இணையத்தில் வாங்காதீர்கள். சோதனை லென்ஸ் போட்டுப் பார்க்கும் கடையாகத் தேடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து மறுபடி கண்ணைக் காட்டுங்கள். பிறகு நிறுவனம், பவர், பி.சி., டயா நான்கையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த பெட்டியை எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்கலாம். அப்போது உறையில் காலாவதித் தேதி, அதிகபட்ச விலை, உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி, எந்தப் பொருளால் செய்த லென்ஸ் என்பது. இன்று நாம் போடும் மென் லென்ஸ், தண்ணீரை உறிஞ்சி மென்மையாகும் பிளாஸ்டிக்கான ஹைட்ரோஜெல்லில் தொடங்கியது. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961-இல் தம் வீட்டிலேயே, குழந்தைகள் விளையாடும் உலோகக் கட்டுமானப் பொம்மைப் பாகங்களால் ஒரு இயந்திரம் செய்து முதல் லென்ஸ்களை வார்த்தார். பின்னால் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல், கருவிழிக்கு ஆக்சிஜனை அதிகமாக விடுகிறது; விலையும் அதற்கேற்ப. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அது ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. அதனால் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அணிகிறவருக்குச் சிலிகான் வகையே வாங்கச் சொல்வேன். மூன்று நான்கு மணி நேர ஆட்டத்துக்குச் சாதாரண ஹைட்ரோஜெல் தாராளம். அந்தக் கூடுதல் பணத்தை நீங்கள் செலவழிக்கத் தேவையில்லை.

அலுவலகத்துக்கும் லென்ஸ் போடும் ஆசை பின்னால் வரலாம். கணினித் திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, அதோடு ஏசி காற்றும் சேர்ந்தால் லென்ஸ் உலர்ந்து உறுத்தும். முதல் சில மாதம் அலுவலகத்துக்குக் கண்ணாடியே போதும். பிறகும் ஆசை இருந்தால், மேலே சொன்ன ஏழு நாள் கணக்கை மறுபடி போட்டு, சிலிகான் மாத லென்ஸுக்கு மாறுங்கள்.

போடும் முறையைக் கடையிலேயே இரண்டு மூன்று முறை செய்து பழகிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். கழற்றவும் தெரிந்திருக்க வேண்டும். பலர் போடக் கற்றுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். விரல் நுனியில் லென்ஸ் கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றால் சரியான பக்கம். விளிம்பு தட்டுபோல் வெளியே விரிந்தால் திருப்பிப் போட வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையும், மிளகாய் கிள்ளிய கையும் லென்ஸ் பக்கமே போகக் கூடாது. மிளகாய்க் காரம் சோப்புக்கும் எளிதில் போகாது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. போகாது. இமையின் உள்தோல் மடங்கி விழிக்கோளத்தோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் செல்ல வழியே இல்லை. மென் லென்ஸ் கருவிழியை விட அகலம் என்பதால் ஓடும்போதும் பந்தைத் தலையால் முட்டும்போதும் எளிதில் விழாது. மைதானத்தில் விழுந்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் பையில் ஒரு ஜோடி உபரியும், கண்ணாடியும் எப்போதும் இருக்க வேண்டும். மழையில் ஆடினால், முடிந்ததும் உடனே கழற்றி எறிந்துவிடுங்கள். ஆட்டம் முடிந்து குளிப்பதற்கு முன்னாலும் அப்படியே. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்றாலும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான். லென்ஸோடு தூங்குவது கண் தொற்று வரும் வாய்ப்பை 6 முதல் 8 மடங்கு கூட்டுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டினால் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். லென்ஸுக்கு அடியில் தூசி புகுந்தால் கண்ணைத் தேய்க்காமல் ஓரமாக நிறுத்திக் கழற்றிவிட வேண்டும். மெட்ராஸ் ஐ வந்தால் முழுக்கக் குணமாகும்வரை லென்ஸ் கிடையாது.

கடைசியாக, செலவைப் பார்க்காமல் ஓட வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. லென்ஸைக் கழற்றிய பிறகும் கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் மறுநாள்வரை பொறுக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தாக இருந்தால் தொற்றை மறைத்து வளர்த்துவிடும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. போகும்போது கழற்றிய லென்ஸை எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று பரிசோதனைக் கூடத்தில் கண்டுபிடிக்க மருத்துவருக்கு அது உதவும்.