படம் 24, டிவி 60: ரெஃப்ரெஷ் ரேட் தானாக மாற மறுக்கும்போது

படம் நொடிக்கு எத்தனை ஃப்ரேமாக (தனித்தனிப் படமாக) எடுக்கப்பட்டதோ, அதற்குப் பொருந்தும் ரெஃப்ரெஷ் ரேட்டில் (நொடிக்குத் திரை புதுப்பிக்கப்படும் எண்ணிக்கை, அலகு ஹெர்ட்ஸ்) டிவி ஓடினால்தான் அசைவு சீராக இருக்கும். கேள்விகளுக்குள் போகும் முன் ஒன்று. பாக்ஸின் (டிவியில் செருகிப் படம் பார்க்கும் கருவி) செட்டிங்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். படம் ஓடும்போது டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள் (சில டிவிகளில் மெனுவுக்குள் தேட வேண்டும்). உள்ளே வரும் சிக்னல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அங்கே தெரியும். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு அந்த ஒரு வரியே பதில்.

கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் ஆப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதியை ஆன் செய்துவிட்டேன். ஆனாலும் டிவி 60-லேயே நிற்கிறது. ஏன் சார்?

பெரும்பாலும் ஒயிட்லிஸ்ட்தான் காரணம், அதாவது எந்தெந்த ரெசல்யூஷனுக்கும் ஹெர்ட்ஸுக்கும் கோடி மாறலாம் என்ற பட்டியல். செட்டிங்ஸ் லெவலை எக்ஸ்பெர்ட்டுக்கு மாற்றிவிட்டு சிஸ்டம், டிஸ்ப்ளே பக்கம் போனால் ஒயிட்லிஸ்ட் கண்ணில் படும். அதில் எதையும் டிக் செய்யாவிட்டால், மெனு எந்த ரெசல்யூஷனில் இருக்கிறதோ அதிலேயே நின்றுகொண்டு ஹெர்ட்ஸை மட்டும் மாற்றப் பார்க்கும். அதில் தவறில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், யாரோ சொன்னார்கள் என்று 60 ஹெர்ட்ஸ் வரிகளை மட்டும் டிக் செய்து வைத்திருப்பார்கள். அப்புறம் 24-க்கு மாறச் சொன்னால் அது எங்கே போகும்? உங்கள் டிவி ஏற்கும் 23.976, 24, 25, 29.97, 30, 50, 59.94, 60 எல்லாவற்றையும் 1080பி-யிலும் 4கே-யிலும் டிக் செய்யுங்கள். மெனுவை 1080பி 60-லேயே விட்டுவிடலாம், 4கே படம் போட்டால் அதுவே 4கே-க்குப் போய்விடும்.

பட்டியலில் 24 என்ற வரியே இல்லையென்றால் கோடியைத் திட்டிப் பயனில்லை. பாக்ஸின் ஆண்ட்ராய்டு என்ன முறைகளைக் காட்டுகிறதோ அவ்வளவுதான் கோடிக்குத் தெரியும். நடுவில் ரிசீவரோ (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) ஸ்ப்ளிட்டரோ (ஒரு சிக்னலைப் பல திரைக்குப் பிரிப்பது) இருந்தால் அதைக் கழற்றி, பாக்ஸை நேராக டிவியில் செருகிப் பாருங்கள். டிவி தன் திறன்களைச் சொல்லும் தகவல் நடுவில் உள்ள கருவி வழியாகத்தான் போகிறது, அங்கே அடிபட வாய்ப்பு உண்டு.

படம் 24-ல்தான் ஓடுகிறது, டிவியும் 24 என்கிறது. ஆனாலும் முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை லேசாக ஒரு குலுக்கல். எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

இல்லை, உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. ப்ளூரேயில் இருந்து வரும் படங்களில் பெரும்பாலானவை முழு 24 அல்ல, 24000-ஐ 1001-ஆல் வகுத்தால் வரும் 23.976. பாக்ஸ் சரியாக 24 ஹெர்ட்ஸ் அனுப்பினால் ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் கூடுதலாகத் தேவைப்படும். அப்போது ஒரு ஃப்ரேம் இரண்டு முறை வரும், அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். பல டிவிகள் இரண்டையுமே 24 என்றுதான் காட்டும் என்பதால் இந்த இடத்தில் மட்டும் இன்ஃபோ பட்டன் உதவாது. ஒயிட்லிஸ்டில் 23.976 தனி வரியாக இருக்கிறதா, அது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில பாக்ஸ்கள் அந்த வரியையே தருவதில்லை.

கோடியில் சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே என்ற வசதியை ஆன் செய்தால் இந்தக் குலுக்கல் போய்விடும், அது உண்மைதான். ஆனால் அது ஒலியின் வேகத்தைத் திருத்தி வேலை செய்வதால் ஆடியோ பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) கிடைக்காது. ரிசீவர் வைத்து டால்பி ஒலி கேட்பவர்களுக்கு அது நஷ்டம். டிவி ஸ்பீக்கரே போதும் என்பவர்கள் தாராளமாக ஆன் செய்யலாம்.

படம் தொடங்கும்போது மூன்று நான்கு விநாடி கறுப்புத் திரை, முதல் வசனம் காதில் விழுவதே இல்லை.

ஹெர்ட்ஸ் மாறும் ஒவ்வொரு முறையும் பாக்ஸும் டிவியும் புதிதாகப் பேசி முடிக்க வேண்டும், கறுப்புத் திரை அதனால் வருவது. அதைத் தவிர்க்க முடியாது, வசனத்தைக் காப்பாற்றலாம். அதே டிஸ்ப்ளே பக்கத்தில், ரேட் மாறிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இரண்டு விநாடியில் தொடங்கி, போதவில்லையென்றால் ஏற்றிக்கொண்டே போங்கள். எச்டிஎம்ஐ 2.1-ல் கறுப்புத் திரையே இல்லாமல் மாற க்யூஎம்எஸ் என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் டிவி, பிளேயர் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இதற்காக மட்டும் புது டிவி வாங்குவது என்னைக் கேட்டால் வீண் செலவு.

கோடியில் அழகாக மாறுகிறது, ஓடிடி ஆப்களில் மாறவில்லையே அண்ணா?

மாற்று என்று ஆப் கேட்க வேண்டும், பாக்ஸும் அனுமதிக்க வேண்டும். ஃபயர் டிவியில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட், ஆப்பிள் டிவியில் மேட்ச் கன்டென்ட். ஆண்ட்ராய்டு டிவியில் இது 12-ஆம் பதிப்பில் வந்தது, ஆனால் அங்கே சீம்லெஸ் மட்டும் என்று தேர்ந்திருந்தால் திரை கறுக்காமல் மாற முடிகிற இடத்தில்தான் மாறும். பெரும்பாலான வீடுகளில் அப்படி முடியாது என்பதால் அது மாறவே மாறாது, நான்-சீம்லெஸ் வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் ஆப் கேட்கவில்லை என்று அர்த்தம், நாம் செய்ய ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் இருக்கிறேன். ஊரில் டிவியிலிருந்து பதிவு செய்து அனுப்பும் சீரியல்களில் யாராவது நடந்து போனாலே விட்டு விட்டு நகர்வதுபோல் இருக்கிறது. ஆங்கிலப் படங்கள் நன்றாக ஓடுகின்றன.

இந்திய ஒளிபரப்பு 25 ஃப்ரேம், 50 ஹெர்ட்ஸ் வழி வந்தது, அமெரிக்காவினுடையது 60 வழி. 25-ஐ 60-ல் காட்டும்போது ஐந்து ஃப்ரேமைப் பன்னிரண்டு இடங்களில் அடைக்க வேண்டும். சில ஃப்ரேம் இரண்டு முறை, சில மூன்று முறை. சீராக நடப்பவர் தடுமாறுவது அதனால்தான். உங்கள் டிவி 50 ஹெர்ட்ஸ் ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் டிவிகளிலும் ஏற்பவை இருக்கின்றன, அந்த வரிகளை டிக் செய்தால் போதும். கம்ப்யூட்டர் மானிட்டர் என்றால் பலவற்றில் 50 இருக்காது. பதிவு 1080ஐ (1080i, ஒரு ஃப்ரேமின் வரிகள் இரண்டு பாதியாகப் பிரிந்து வருவது) என்றால் அதை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸும் ஆனில் இருக்கட்டும், அப்போதுதான் நொடிக்கு 50 அசைவுகளும் கிடைக்கும்.

4கே படங்கள் ஓடுகின்றன. போனில் எடுத்த 4கே வீடியோ போட்டால் மட்டும் நோ சிக்னல்.

போன் வீடியோ 60 ஃப்ரேமாக இருக்கும். 4கே 24 கேபிளில் போக நொடிக்கு 10 ஜிகாபிட்டுக்குள் போதும், 4கே 60 முழு வண்ணத்தோடு போக 18 வரை வேண்டும். பழைய கேபிளோ ரிசீவரோ அங்கே கைவிட்டுவிடும். கேபிளை மாற்றுங்கள், டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு என்ஹான்ஸ்டு என்ற மாதிரி ஓர் அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். பாக்ஸுக்குப் பதில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் என்றால் கான்ஃபிக் கோப்பில் 4கே 60-ஐ ஆன் செய்வதோடு, பவர் செருகும் இடத்துக்குப் பக்கத்து எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் கேபிளைச் செருக வேண்டும், மற்றதில் 60 வராது. செலவே வேண்டாம் என்றால் ஒயிட்லிஸ்டில் 4கே 60, 59.94 இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கல்யாணத்தில் போனில் எடுத்த வீடியோவுக்கு மட்டும் ரேட் ஏதேதோ மாறுகிறது.

பல போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃப்ரேம் எண்ணிக்கையையும் குறைத்துவிடும், கோப்பில் சராசரியாக 28.4 என்பது போல ஏதாவது நிற்கும். அதற்குப் பொருந்தும் ரேட் எந்த டிவியிலும் கிடையாது. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30-க்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.