ஏழை நாடுகளில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியால் அங்கிருக்கும் ஏழைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

"அவர்களைப் பரிசோதனை எலிகளாகத்தானே பயன்படுத்துகிறார்கள்?" என்றும் கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பல சிறுமிகளுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்காமல், விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்தை வாங்கி வைத்திருந்தார்கள். தடுப்பூசி நல்லதுதான். இடையில் இறந்துபோன சிறுமிகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணையிலும் சொன்னார்கள். அதனால் மட்டும் செய்தது சரியாகிவிடாது. பழங்குடித் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் அவர்கள் பிள்ளையின் கையில் ஊசி ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. நாடாளுமன்றக் குழுவும் 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் "பயனே இல்லை" என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் வட தமிழ்நாட்டில் காசநோய்த் திட்டத்தில் களப்பணி பார்ப்பவன். டிபி நோயாளி ஒருவர் வீட்டிலேயே இருந்து, குடும்பத்தோடு சாப்பிட்டு, மாத்திரை போட்டுக் குணமாகலாம் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் சென்னையின் ஏழைகள்.

1950-களில் டிபி என்றால் சானடோரியம்தான். ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, ஓய்வு. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பணக்கார நாடுகளுக்கு அது கட்டுப்படியானது. இங்கே நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். ஆகவே நமக்கு இருந்த கேள்வி வேறு. படுக்கையே இல்லாமல் குணப்படுத்த முடியுமா?

அந்தக் கேள்விக்காகவே 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் கீமோதெரபி (அதாவது மருந்துச் சிகிச்சை) மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பொறுப்பேற்றார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநியாசிட், பிஏஎஸ் இரண்டும் ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில் வசித்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்கும் போனார்கள். மருந்து உள்ளே போகிறதா என்று பார்க்க மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டு கழித்துச் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டாருக்கு நோய் பரவுமே என்ற பயத்துக்கும் பதில் கிடைத்தது. ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இதன் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிரிட்டனுக்குக்கூட இந்தப் பாடம் சேத்துப்பட்டிலிருந்துதான் போனது. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதுவரை பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்தது.

அந்த ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, எடையும் கூடுதலாக ஏறியது. இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்த பலர் "டிபிக்கு மாத்திரை போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம்" என்று எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு சொன்னதோ, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமியை அடக்கச் சானடோரியத்துச் சாப்பாடு கட்டாயமில்லை என்பது மட்டும்தான். எலும்பும் தோலுமாக வருகிறவர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா? அரைவயிற்றோடு இருக்கும் குடும்பத்துக்குச் சோறு போட்டால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? இதைப் பெரிய அளவில் யாரும் சோற்றைப் போட்டுச் சோதிக்கவில்லை. மாத்திரை இலவசமாக வந்தது, அரிசி வரவில்லை. இப்படியே அறுபது ஆண்டுகள் ஓடின.

களத்தில் இருப்பவர்களுக்கு இது தினமும் கண்ணில் படும். கட்டட வேலை பார்த்த ஒரு பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எடை மெஷினில் ஏற்றினால் முள் 38-ஐத் தொடவில்லை. மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் போனபோது அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "தம்பி, மாத்திரை போட்டதிலிருந்து அவனுக்குப் பசி எடுக்குது. முன்னெல்லாம் ஒரு பிடி சோறு வேணாம்னு தள்ளுவான், இப்ப சட்டியைப் பார்க்கிறான். நான் எங்க போவேன்?" மருந்து வேலை செய்வதன் அடையாளமே அந்தப் பசிதான். வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவனுக்கென்று கொடுத்த முட்டையில் பாதி அவர்களுக்குத்தான் போயிற்று. எந்தத் தாய் வேறு மாதிரி செய்வாள்?

இதே காட்சியைச் சத்தீஸ்கரில் பார்த்த மருத்துவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பிலாஸ்பூர் பக்கம் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே வந்த டிபி நோயாளிகளின் எடையையும் உயரத்தையும் சேர்த்துவைத்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேரின் எடை சுமார் 42 கிலோவுக்கும் கீழே, பெண்களில் பாதிப் பேருக்குச் சுமார் 34 கிலோவுக்கும் கீழே. அதில் பங்குகொண்ட மருத்துவர் அனுராக் பார்கவா, மருத்துவர் மாதவி பார்கவா, நம் சேத்துப்பட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து 2019-ல் ஜார்க்கண்டில் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர்.

அவர்கள் கொடுத்தது புது மருந்தல்ல, மளிகை. நோயாளிக்கு மாதம் 10 கிலோ: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். இது இரண்டு பிரிவுக்கும் உண்டு. நோயாளியின் தட்டில் கை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும். கொரோனா ஊரடங்கின் நடுவிலும் மூட்டைகள் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

2023-ல் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் ஊட்டச்சத்துக் குறைவோடு வந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தத் தாய் வாசலில் கேட்ட கேள்விக்கு எண்களோடு பதில் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆராய்ச்சி எந்த நாட்டில் நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அந்தக் கேள்வி யாருடையது என்று பாருங்கள். 1956-லும் 2019-லும் கேள்வி இங்கிருந்து எழுந்தது, பதிலும் இங்கே உள்ளவர்களுக்கு உடனே பயன்படக்கூடியது. நல்ல முடிவு வந்தால்தான் பயன் என்றும் இல்லை. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் டிபிக்கான பிசிஜி தடுப்பூசியை லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. கசப்பான செய்திதான், ஆனால் பொய்யான நம்பிக்கையில் காலத்தைக் கடத்தாமல் காப்பாற்றியது.

நாளை உங்கள் ஊருக்கு யாராவது படிவத்தோடு வந்தால் தயங்காமல் கேளுங்கள். இதில் சேராவிட்டால் எனக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? இந்த மருந்து பலித்தால் ஆய்வு முடிந்த பிறகும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா? முடிவை எங்களிடம் வந்து சொல்வீர்களா? நேர்மையான ஆய்வாளர் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்வார். "கையெழுத்துப் போடுங்க, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்று அவசரப்படுத்துபவரிடம் போட வேண்டாம்.

ஆராய்ச்சி முடிந்த பிறகு வரும் இடைவெளியில்தான் நாம் தோற்கிறோம். தமிழ்நாட்டில் 2022 முதல் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" நடக்கிறது. டிபி உறுதியானதும் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். இதற்கு ஓர் எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். நோயாளிக்கு மத்திய அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. குடும்பத்தாருக்கும் உணவுப் பை தரலாம் என்று அறிவித்தார்கள், ஆனால் அது கொடையாளர்கள் முன்வந்து தருவதை நம்பியிருக்கிறது. கொடையாளர் கிடைக்காத ஊரில் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ரேஷன் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. சளிப் பரிசோதனை முடிவு வந்த அன்றே அந்தக் குடும்ப அட்டையில் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் தானாக ஏற வேண்டும். எம்எல்ஏவிடம் மனு கொடுக்கிறவர்கள் இதையும் எழுதிக் கொடுங்கள்.