போகப் பிடிக்கவில்லை என்பதை அங்கேயே போய்ச் சொல்லுங்கள்

கேள்வி: மனச்சோர்வுக்காக 4 மாதமாக வாரம் ஒருமுறை கவுன்சலிங் போய்வந்தேன். கடைசி 3 வாரமாகப் போகவில்லை. கிளம்பும் நேரம் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஏதாவது காரணம் சொல்லி ரத்து செய்துவிடுகிறேன். ஒரு வீடியோவைப் பார்த்து மாத்திரையையும் பாதியாக்கிவிட்டேன். 5 நாளாகத் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் ஓர் உணர்வு. நரம்பு நோயோ என்று இணையத்தில் தேடித் தேடிப் பயந்துபோயிருக்கிறேன். கவுன்சலிங் போய்வந்த நாட்களில் அழுகை அதிகமாக இருந்தது. மறதியும் இருக்கிறது. எனக்காக வீட்டில் இவ்வளவு செலவு செய்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. (34 வயது வாசகி)

பதில்: உங்கள் கடைசி வரியை 3 முறை படித்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

போக அலுப்பாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு அவசரப்பட மாட்டேன். கவுன்சலிங் போகிற பலருக்கும் அந்த அலுப்பு இடையில் வரத்தான் செய்யும். ‘எனக்காகச் செலவு செய்து என்ன ஆகப்போகிறது’ என்பது வேறு. தன்னை வீட்டுக்குச் சுமையாக நினைப்பதும், இனி எதுவும் மாறாது என்று தோன்றுவதும் மனச்சோர்வில் நாங்கள் மிகவும் உற்றுக் கவனிக்கிற அறிகுறிகள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவருடைய குழுவினரும் நம்பிக்கையிழப்பை அளப்பதற்கென்றே 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை 1974-ல் வெளியிட்டார்கள். ஒருவர் எவ்வளவு சோகமாக இருக்கிறார் என்பதைவிட எவ்வளவு நம்பிக்கை இழந்திருக்கிறார் என்பதுதான் தற்கொலை ஆபத்தைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது என்று அந்தக் குழுவின் ஆய்வுகள் சொல்லின.

அதனால் நேராகவே கேட்கிறேன். செத்துவிடலாம் என்றோ, தூங்கினால் எழாமலே போய்விட்டால் நல்லது என்றோ தோன்றுகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலரும் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. பதில் ஆம் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். இன்றே வீட்டில் ஒருவரிடம் மழுப்பாமல் சொல்லுங்கள், மாத்திரை அட்டைகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள், மனநல மருத்துவரை அழையுங்கள். எப்படி, எப்போது என்றுவரை யோசித்திருந்தால் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பதில் இல்லை என்றாலும் அந்த ஒரு வரியை உங்கள் ஆலோசகர் இந்த வாரமே கேட்டாக வேண்டும்.

சரி, மாத்திரை. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று குறைத்தால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரமான கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். குறைத்த சில நாட்களிலேயே தொடங்குவதுதான் வழக்கம். நீங்கள் சொல்கிற 5 நாள் கணக்கும் ஒத்துப்போகிறது. நரம்பு நோயைத் தேடியது போதும். அதே போனில் மாத்திரை எழுதித் தந்த மருத்துவரைக் கூப்பிட்டு, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் பாதியாக்கினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வேளைக்கு எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும். வீடியோவில் பேசியவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. நிறுத்த வேண்டிய காலம் வந்தால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே குறைப்போம். எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அழுகையைப் பற்றி: மூடி வைத்ததைத் திறந்து பேசிய நாளில் கண்ணீர் வரும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தணிந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. மறதிக்கும் பயப்பட வேண்டாம். மனச்சோர்வில் கவனம் சிதறும், கவனிக்காதது நினைவில் தங்காது.

இனி போகப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். ‘இன்று வர முடியவில்லை’ என்று செய்தி அனுப்பிய அடுத்த நிமிடமே வயிறு அடங்கியிருக்குமே? அந்த நிம்மதிதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. தப்பித்தால் நிம்மதி என்று மூளை ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த வாரம் இன்னும் பலமாகப் பிசையும். போதாக்குறைக்கு ‘3 வாரம் போகாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது’ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். உற்சாகம் வரட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தால் நடக்காது. உற்சாகத்தைப் பறிப்பதுதானே மனச்சோர்வின் வேலையே. இந்த நோயில் முதலில் கால் நகர வேண்டும், மனம் பின்னால்தான் வரும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் ஒருநாள் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் 20 நிமிடம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும், “இன்னைக்கு வரவே பிடிக்கல டாக்டர்” என்றார். ஏன் என்று கேட்டேன். முந்தைய வாரம் அவருடைய அப்பாவைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்வி அவரை ஏழு நாளும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன், அவர் அதற்குத் தயாராக இல்லை. அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். அதுவரை நாங்கள் பேசியதிலேயே பயனுள்ள பேச்சு அதுதான்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். நின்றுபோவதற்கு முந்தைய சந்திப்பில் என்ன பேச்சு வந்தது? ஆலோசகர் சொன்ன ஏதாவது குத்தியதா? சொல்லக் கூடாது என்று வைத்திருந்த எதையாவது நெருங்கிவிட்டீர்களா? வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். செலவுதான் உறுத்துகிறது என்றால் அதையும் அவரிடமே சொல்லலாம். நிலைமையைப் பார்த்து 15 நாளுக்கு ஒருமுறை என்று மாற்ற முடியுமா என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஆளே ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் போவதில் தவறே இல்லை. அவர் உங்களிடம் வரம்பு மீறி நடந்திருந்தால் மட்டும் திரும்பிப் போகவே வேண்டாம். மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், புகாரும் கொடுக்கலாம்.

இப்போதே அனுப்ப ஒரு செய்தி எழுதித் தருகிறேன்: ‘3 வாரமாக வர மனம் வரவில்லை. அதைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்த வாரம் நேரம் கிடைக்குமா?’ இவ்வளவு போதும், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டியதில்லை. நேரில் போவது மலைப்பாக இருந்தால் முதல் தடவை போனிலேயே பேசலாமா என்று கேளுங்கள். போகிற அன்று வீட்டில் யாரையாவது வாசல்வரை கூட வரச் சொல்லுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும், எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை முதலில் சொல்லிவிடுங்கள்.