பைபர் காருக்கு எர்த் எங்கே?

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் சென்னையில் ஒருவரிடம் பழைய சான் ஸ்டார்ம் கார் ஒன்று வாங்கினேன். சின்ன வயதில் பத்திரிகையில் படம் பார்த்த நாளிலிருந்து ஆசை. வந்த நான்கு மாதம் நன்றாக ஓடியது. இப்போது பிரேக்கை மிதித்தால் முன்னால் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்கிவிடுகிறது. சில நாள் காலையில் செல்ஃப் ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும். பேட்டரி மாற்றியாயிற்று, செல்ஃப் மோட்டார் மாற்றியாயிற்று, டைனமோவையும் பிரித்துப் பார்த்தார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து, எர்த் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு பெரியவர், பழைய பிரிட்டிஷ் கார் போல பேட்டரியின் பாசிட்டிவ் முனையை அடிச்சட்டத்தோடு இணைத்து, பாசிட்டிவ் எர்த்தாக மாற்றினால் களிம்பு பிடிக்காது என்கிறார். வாப்பா விற்றுவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

எம்., கீழக்கரை

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு கோளாறும் நான்கல்ல, ஒன்றுதான். அது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி.

முதலில் உங்கள் வண்டியைப் பற்றி ஒரு விஷயம். 1990களின் கடைசியில் கோவாவில் செய்த கார் அது. ரெனோவின் 1149 சிசி எஞ்சின். உடல் முழுக்க பைபர். சாதாரணத் தகரக் காரில், விளக்குக்குப் போன கரண்ட் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். பைபரில் கரண்ட் ஓடாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர ஒரு தனி ஒயர் உண்டு. அந்த ஒயர்கள் அங்கங்கே கூடி, அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடியும். இருபது வருடத்துக்கு மேலான அந்த போல்ட்டுகளின் மேல் நம் ஊர் உப்புக்காற்று நான்கு மாதம் அடித்திருக்கிறது.

நான் மண்டபத்தில் படகு எஞ்சின்களுக்கு நடுவே வளர்ந்தவன். பைபர் வள்ளத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பாடியை நம்பாதே, போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். உங்கள் காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தகரக் கார் பார்த்துப் பழகியவர்கள் போக வேண்டிய ஒயரையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிரேக் போட்டால் பார்க்கிங் விளக்கு ஏன் எரிகிறது என்று பாருங்கள். பின் விளக்கின் பல்பில் இரண்டு இழை, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் அடைபட்டால் பிரேக்குக்கு வந்த கரண்ட் 5 வாட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, பார்க்கிங் ஒயரில் ஏறி, முன் விளக்குகள் வழியாக இறங்கப் பார்க்கும். அந்த மங்கலான வெளிச்சம் அதுதான். இண்டிகேட்டருக்கும் இதே கதை. டெம்பரேச்சர் முள் ஏறுவதும் எஞ்சின் சூட்டினால் இல்லை. டேஷ்போர்டின் எர்த் பொதுவாக இருந்து அது கெட்டால், ஹெட்லைட் போட்டதும் மீட்டர் தப்பாகக் காட்டும்.

டெஸ்ட் லேம்ப் எரிந்தது உண்மைதான். அந்தச் சின்ன பல்புக்கு ஒரு இழை செம்பு போதும். மல்டிமீட்டரில் ‘பீப்’ சத்தம் கேட்கவும் அதுவே போதும். ஒற்றைப் பனைமரம் போட்ட வாய்க்காலை ஒரு ஆள் தாண்டிவிடலாம், அதன் மேல் மாட்டு வண்டி போகுமா? செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் வரை கேட்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண ஓம் மீட்டர் அந்த 0.01ஐ ஒழுங்காகக் காட்டாது. ஆகவே எர்த்தைச் சும்மா இருக்கும்போது சோதிக்கவே கூடாது, சுமை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும்.

இதை நீங்களே செய்யலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பின் மேல் வேண்டாம், கிளாம்ப்பே குற்றவாளியாக இருக்கலாம். சிவப்பு முனையை எஞ்சினில் துருவில்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். அப்புறம் சிவப்பு முனையைப் பின் விளக்கின் எர்த் ஒயருக்குக் கொண்டுபோய், பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். அங்கே 0.1க்கு மேல் வரக்கூடாது.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதையும் சட்டத்தையும் இணைப்பது ஒரு எர்த் பட்டைதான். எங்கள் கொட்டகைக்கு ஒருமுறை இதே போன்ற பைபர் கார் ஒன்று வந்தது. செல்ஃப் அடிக்கும்போது நான் ஆக்சிலரேட்டர் கேபிளின் மேல் கை வைத்திருந்தேன். சுட்டது. எர்த் பட்டை அறுந்துபோய், செல்ஃபின் கரண்ட் மொத்தமும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கேபிள் உறை உருகி, ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே இறுகியிருக்கும். ஓடும் வண்டியில் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் எர்த் பட்டை.

அதே காரின் பின் விளக்கு ஒயர் வெளியே பளபளவென்று இருந்தது. ஒயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையம் இருக்கிறதே, அந்த லக்கின் பக்கத்தில் பிளேடால் உறையைச் சீவினேன். உள்ளே செம்பு கன்னங்கரேல். இரண்டு அங்குலம் தள்ளிச் சீவினேன், அங்கேயும் கருப்பு. விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது. இழைகளுக்கு நடுவே உப்பு ஈரம் திரி போல ஏறிவிடும். அந்த நீளத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஏன் ஈயம் பூசினார்கள்? களிம்பு ஏறாமலிருக்கத்தான். படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வருகிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே போடுங்கள்.

வேலை செய்யும் முறை: நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஒவ்வொரு எர்த் போல்ட்டையும் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள். பெயின்டின் மேல் லக்கை இறுக்குவது எர்த்தே கொடுக்காததற்குச் சமம். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பின்னால் டிக்கியில், நனையாத இடத்தில் ஒரு செம்புப் பட்டை, முன்னால் ஒன்று. எல்லா விளக்கின் எர்த்தும் அங்கே வந்து சேரட்டும், அங்கிருந்து தடித்த ஒயர் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. லக்கை ஒழுங்கான கருவியால் நசுக்குங்கள். ஆசிட் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், அந்த ஆசிட் உள்ளேயே தங்கி ஒயரைத் தின்னும்.

பாசிட்டிவ் எர்த் யோசனையை விட்டுவிடுங்கள். பெரியவர் சொன்னதில் வரலாறு சரி. பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் நெடுநாள் இருந்தது, களிம்பு குறையும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். 1960களில் ஆல்டர்னேட்டர் வந்தபோது கைவிட்டார்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலேயே 1967 வாக்கில் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். உங்கள் வண்டியில் நாம் டைனமோ என்று சொல்வதும் ஆல்டர்னேட்டர்தான்; மாற்றி இணைத்தால் அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும், எஞ்சின் கம்ப்யூட்டரும் தப்பாது.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி போய் வந்ததும் வண்டியைக் கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. அடிப்பக்கத்துக்காவது இரண்டு குடம் காவிரித் தண்ணீர் ஒதுக்குங்கள்.

வாப்பாவிடம் இரண்டு வாரம் தவணை கேளுங்கள். இந்த ஞாயிறே எஞ்சின் எர்த்தை அளந்து, செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். வாடைக்காற்றும் மழையும் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம்.