ஆள் மாறினால் ஊழியம் பொய்யா?

கேள்வி: பெட்ரா என்ற அமெரிக்க கிறிஸ்தவ ராக் குழுவின் பாடல்களே கதி என்று கிடக்கிறான் என் மகன். விசாரித்துப் பார்த்தேன். 1972இல் தொடங்கிய நால்வரில் மூவர் ஏழெட்டு வருஷத்துக்குள் போய்விட்டார்கள். அதன்பிறகும் பாடகர், டிரம்மர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மையான ஊழியம் என்றால் இப்படிக் கலைவார்களா? பெயரை வைத்துப் பிழைத்தார்கள் என்றுதானே அர்த்தம்?
– ஒரு தகப்பன், பாளையங்கோட்டை

பதில்: போனவர்களைக் கணக்கெடுத்திருக்கிறீர்கள். வந்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா?

இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னில் பாப் ஹார்ட்மன் என்ற கிதார் வாசிப்பவர் இந்தக் குழுவைத் தொடங்கியபோது, சபைகளுக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. வெளியே ராக் கேட்டவர்களுக்கு இயேசுவின் பெயர் ஆகவில்லை. 1974இல் ஒரு ஆல்பம், 1977இல் ஒன்று. இரண்டும் பெரிதாக எடுபடவில்லை. கூட இருந்த மூவரும் விலகியது இந்த வறட்சியில்தான். பெயரை வைத்துப் பிழைக்க அன்று அந்தப் பெயரில் என்ன இருந்தது?

பிறகு கிரெக் வோல்ஸ் பாடகராக நிலைத்தார். 1981இல் வந்த ஆல்பத்தில் வண்ணங்களைப் பற்றிய ஒரு மெல்லிய பாட்டு கிறிஸ்தவ வானொலிகளின் கதவைத் திறந்தது. உங்கள் கணக்கில் அவரும் 'மாறிய ஆள்'தான்.

வோல்ஸ் விலகி 1986இல் அந்த இடத்துக்கு வந்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜான் ஷ்லிட், ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவின் பாடகர். கோகெய்ன் பழக்கம் முற்றி, 1980இல் அந்தக் குழுவே அவரை வெளியே அனுப்பியது. மனந்திரும்பினார். பாட்டையே விட்டுவிட்டுச் சுரங்கத் துறையில் வேலைக்குப் போனார். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தது பெட்ரா. 1990இல் வந்த ஆல்பத்துக்குக் குழுவின் முதல் கிராமி விருது கிடைத்தபோது பாடியது அந்தக் குரல்தான். இருந்த நால்வரே கடைசி வரை இருந்திருந்தால் இந்த மனிதருக்கு அங்கே ஏது இடம்? இதையா கலைவது என்கிறீர்கள்?

உங்கள் மகனிடம் பழைய பெட்ரா கேசட்டோ சிடியோ இருந்தால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். பாட்டு வரிகளோடு வேத வசனத்தின் அதிகாரமும் எண்ணும் அச்சாகியிருக்கும். வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்த பையன்களை எனக்குத் தெரியும். பாடியவர் மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. 1995இல் ஹார்ட்மன் குடும்பத்துக்காகச் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார். அதன்பின் சில வருஷம் 1972ஆம் வருஷத்து முகம் ஒன்றுகூட மேடையில் இல்லை. ஆனாலும் குழுவுக்காகப் பாட்டு எழுதுவதை அவர் விடவில்லை. உங்கள் சபைப் பாடகர் குழுவில் உங்கள் அப்பா காலத்து ஆட்கள் எத்தனை பேர் இன்று நிற்கிறார்கள்? அதைப் போலி என்றா சொல்கிறீர்கள்?

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 1981 முதல் டிரம்ஸ் வாசித்த லூயி வீவரை 2003இல் குழு நீக்கியது. இருபது வருஷத்துக்கு மேல் கூட உழைத்தவரை அப்படி அனுப்பியதில் ரசிகர்கள் பலருக்கு மனம் ஆறவில்லை, எனக்கும்தான். ஆள் மாறுவது வேறு, ஆளை வெளியேற்றுவது வேறு. ஊழியம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் இதில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பதில் சொல்லியாக வேண்டும்.

2005 டிசம்பர் 31 இரவு டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோவில் கடைசிக் கச்சேரி நடத்தி விடைபெற்றார்கள். ஆனால் 2010இல் ஹார்ட்மனும் வோல்ஸும் 'கிளாசிக் பெட்ரா' என்று பழைய ஆட்களைத் திரட்டிப் பழைய பாட்டுகளை மறுபடி பதிவு செய்தபோது, டிரம்ஸில் உட்கார்ந்தவர் லூயி வீவர். போனவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுதியிருந்தால், இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.