வெள்ளைப் பொன்னிக்கு மூணாவது மூட்டை யூரியாவா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் வெள்ளைப் பொன்னி, சம்பா. நட்டு 38 நாள் ஆகிறது. ஏக்கருக்கு அடியுரம் டிஏபி ஒரு மூட்டை, 15ஆம் நாளும் 30ஆம் நாளும் யூரியா ஒவ்வொரு மூட்டை போட்டேன். பொட்டாஷ் போடவில்லை. இப்போது இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது. பக்கத்து வயல் என்னுடையதைவிடக் கரும்பச்சையாக நிற்கிறது. கடையில் புழுவுக்கு மருந்தும், தெம்புக்கு இன்னொரு மூட்டை யூரியாவும் டானிக்கும் தருகிறேன் என்கிறார்கள். எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: புழுவை முதலில் முடித்துவிடுகிறேன். வயலில் குறுக்கே நடந்து அங்கங்கே குத்துகளைப் பாருங்கள். நூறு இலையில் பத்துக்கு மேல் சுருண்டு வெளுத்திருந்தால்தான் மருந்து: குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி., ஏக்கருக்கு 60 மில்லி. அதற்குக் குறைவாக இருந்தால் முள்கிளையைப் பயிர்மேல் இழுத்துச் சுருளைப் பிரித்துவிட்டு, டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் (புழுவின் முட்டையை அழிக்கும் சிறு குளவி) ஒட்டுண்ணி அட்டை ஏக்கருக்கு 2 சி.சி. கட்டுங்கள். நட்ட 37, 44, 51ஆம் நாள்கள் அதற்குரியவை, இன்றே ஆரம்பிக்கலாம்.

ஆனால் அந்தப் புழு ஏன் உங்கள் வயலைத் தேடி வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஏபி மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20.7 கிலோ, இரண்டுக்கு 41. மொத்தம் ஏக்கருக்கு 50 கிலோ போட்டாகிவிட்டது. பொன்னிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டருக்கு 75, அதாவது ஏக்கருக்கு 30 கிலோதான். மற்ற சம்பா ரகங்களுக்குச் சொல்லும் 150ஐப் பொன்னிக்குப் போடக்கூடாது. அது உயரமான ரகம். தழைச்சத்தை அதிகம் வாங்கினால் தண்டு மெலிந்து நீளும், ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சாயும். இளசான இலைக்குச் சுருட்டுப் புழு வரும், பின்னால் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும், கதிரின் கழுத்தைத் தாக்கும் குலைநோயும் வரும். கரும்பச்சையாய் நிற்கும் பக்கத்து வயலுக்காக எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் நான் அலுக்கமாட்டேன். பச்சைப் பட்டைகள் வரிசையாக உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டு அது, பயிருக்கு யூரியா வேண்டுமா என்பதை இலையின் பச்சையை வைத்துச் சொல்லும். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நில்லுங்கள். மேலே முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல், அதன் நடுப்பகுதியைப் பட்டைமேல் வைத்துப் பாருங்கள். வெயில் பட்டால் பச்சை வெளிறித் தெரியும், ஏமாந்துபோவீர்கள். பத்துக் குத்தில் பத்து இலை. வாரம் ஒருமுறை, ஒரே ஆள் பார்க்க வேண்டும். வெளிர்பச்சை 1இலிருந்து கரும்பச்சை 6வரை உள்ள ஆறு பட்டை அட்டையில் பொன்னிக்கு எல்லை 3. பத்தில் ஆறு இலையாவது 3க்குக் கீழே இறங்கினால்தான் யூரியா, அதுவும் ஏக்கருக்கு 26 கிலோவுக்கு மேல் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டு, மறுநாள் கட்டுங்கள். வழிந்தோடும் தண்ணீரில் இறைத்தால் உங்கள் யூரியா வாய்க்காலுக்கும் பக்கத்து வயலுக்கும்தான் போகும். இன்று நீங்கள் பார்த்தால் 4க்கு மேல்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

பொட்டாஷைத்தான் இப்போது யோசிக்க வேண்டும். கனமான ஒரு தூரை அடியோடு பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கணுவுக்கு மேலே மயிர் முளைத்தாற்போல் ஒரு வெள்ளை முனை, ஒன்றிரண்டு மில்லிமீட்டர், தெரிந்தால் கதிர் உருவாகிவிட்டது. அன்றைக்கு ஏக்கருக்கு 16 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள். அடியுரத்தோடு போட்டிருக்க வேண்டிய இன்னொரு பாதி தவறிவிட்டது. அதை இப்போது சேர்த்துக் கொட்ட வேண்டாம்.

கடைக்காரரைப் பற்றி: யூரியா கேட்டால் டானிக்கையும் சேர்த்து வாங்கச் சொல்வது வியாபாரம், வைத்தியம் அல்ல. வயலை அவர் வந்து பார்க்கவில்லை. கட்டாயப்படுத்தினால் ரசீது கேளுங்கள், தராவிட்டால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். டானிக்குக்கு ஒதுக்கிய பணம் பொட்டாஷுக்குப் போகட்டும்.

நாளைக் காலை அட்டையோடு இறங்குங்கள். பத்தில் எத்தனை இலை எந்தப் பட்டைக்கு நின்றது, நூறு இலையில் எத்தனை சுருண்டிருந்தது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.