தீவு மண்ணில் ஈயம்: செறிவூட்டக் காரணி 9.6, புவித்திரட்சிக் குறியீடு −1.3 ஏன் முரண்படுகின்றன?

ஒரே மண்ணுக்குக் காரணி மாசு என்றும் குறியீடு மாசில்லை என்றும் காட்டுவது ஏன் என்று கேட்டீர்கள். செறிவூட்டக் காரணி என்பது மண்ணின் ஈய-அலுமினிய விகிதத்தை, ஒப்பிட எடுத்த அடிப்படைப் பொருளின் அதே விகிதத்தால் வகுத்தது; புவித்திரட்சிக் குறியீடு அலுமினியத்தைக் கணக்கில் கொள்ளாமல் ஈயத்தின் அளவை மட்டும் அடிப்படையோடு ஒப்பிடுவது. அந்த 9.6-ஐ வைத்து மாசு என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கணக்கில் பிழையில்லை. ஒப்பிட எடுத்த அடிப்படைதான் பொருந்தவில்லை.

மன்னார் வளைகுடாத் தீவு மண்ணில் ஈயம் கிலோவுக்கு 12 மி.கி., அலுமினியம் 0.5% என்கிறீர்கள். நீங்கள் ஒப்பிட்ட சராசரி களிப்பாறையில் (களிமண் இறுகி உண்டான பாறை) ஈயம் 20 மி.கி., அலுமினியம் 8%. மதுரையில் வைகைக் கரை மண்ணுக்கு இதே அடிப்படை ஓரளவு பொருந்தியதற்குக் காரணம், அது நைஸ் போன்ற பாறைகள் சிதைந்து உருவான, அலுமினியம் நிறைந்த மண் என்பதே. பவளத் தீவின் மணலோ பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆதலால், வகுக்கும் எண்ணான அலுமினியம் சிறுத்துக் காரணி தானாகவே பெருத்துவிடுகிறது. இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) மட்டும் கரைத்திருந்தால், சிலிக்கேட்டுக்குள் இருக்கும் அலுமினியம் முழுவதும் வெளிவராமல் இது இன்னும் கூடும்.

சோதனையாக, கார்பனேட் பாறையின் சராசரியை (ஈயம் 9 மி.கி., அலுமினியம் 0.42%) இட்டுப் பாருங்கள்: காரணி ஏறத்தாழ 1.1 ஆகிவிடும். இதைவிடச் சிறந்தது, அதே தீவில் படகுத்துறைக்குத் தொலைவில் ஆழமான அடுக்கிலிருந்து எடுத்த மண்ணையே அடிப்படையாகக் கொள்வது. அதற்கு வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள், அது கடல்சார் தேசியப் பூங்கா.

குறியீடு எதிர்மறையாக வந்ததும் தூய்மைக்குச் சான்றன்று. களிப்பாறையின் 20 மி.கி. இம்மணலுக்கு மிக உயர்ந்த அளவு.